எத்தனை நொடிக்கு ஒருமுறை?

நுழையும்முன்

கணினித் திரையின் ஓரத்தில் இருக்கும் சிறு குறியீடு, இணைய இணைப்பு உண்டா இல்லையா என்பதை இடையறாது காட்டிக்கொண்டிருக்கிறது. கணினி அதைத் தானாக உணர்வதில்லை. தொலைவிலுள்ள மற்றொரு கணினிக்குச் சோதனைக் குறிப்பு ஒன்றை அனுப்பி, விடை பெற்று, அதன்பின் அறிகிறது. எத்தனை நொடிக்கு ஒருமுறை அவ்வாறு அனுப்புவது என்பது எளிய வினாவாகத் தோன்றும். ஆயினும், அவ்வினாவுக்குத் தவறாக விடை கண்டதால் ஒரு பல்கலைக்கழகத்தின் வலையமைப்பு திணறிய வரலாறும் உண்டு. அந்த இடைவெளியைப் பற்றியது இப்பாடம்.

மௌனத்தின் இரு பொருள்

கம்பிவழித் தொலைபேசி புழங்கிய நாள்களில், ரிசீவரைக் கையிலெடுத்துக் காதில் வைத்தவுடன் ஒரு சீரான ஓசை கேட்கும். எவருடனும் பேசத் தொடங்காத நிலையிலும், தொலைபேசி நிலையத்தோடு இணைப்பு இருக்கிறது என்பதற்கு அவ்வோசையே சான்று. ஓசை கேட்கவில்லையெனில், 'போன் டெட்' என்று சொல்லிப் புகார் எழுதுவர். கேட்பதற்கு முன்னரே விடை காதில் ஒலித்துக்கொண்டிருந்த ஏற்பாடு அது.

கணினி வலையமைப்பில் அத்தகைய ஓசை இல்லை. அனுப்ப வேண்டிய செய்தி சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் தன்மேல் எழுதப்பட்ட முகவரியை நோக்கித் தனித்தனியே செல்கிறது. அனுப்பச் செய்தி இல்லையெனில் பொதியும் இல்லை. சென்னையிலுள்ள கணினியும் இலண்டனிலுள்ள கணினியும் 'இணைந்திருக்கின்றன' என்று சொல்லும்போது, அவற்றுக்கிடையே எதுவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. இருபுறத்துக் கணினிகளும் தத்தம் நினைவகத்தில் வைத்திருக்கும் குறிப்பே அந்த இணைப்பு. 'இன்னாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், இத்தனையாவது எழுத்து வரை அனுப்பியாயிற்று' என்பதைப் போன்ற குறிப்பு அது.

கணினியில் செருகிய கம்பியைப் பிடுங்கினால் அதைக் கணினி உடனே அறிந்துவிடும். ஆனால் பல திசைவிகளைத் தாண்டி, எங்கோ கடலடியில் ஒரு வடம் அறுந்தாலும், மறுமுனையில் மின்சாரம் நின்றாலும், அதைச் சொல்ல எவரும் வருவதில்லை. விடைபெறும் கணினி 'போய்வருகிறேன்' என்று ஒரு பொதி அனுப்ப வேண்டும் என்பது விதி. மின்சாரம் போன கணினி அதை எப்படி அனுப்பும்? ஆகவே மறுமுனையிலிருந்து ஒன்றும் வராத நிலைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, சொல்வதற்கு ஒன்றுமில்லை. மற்றொன்று, சொல்வதற்கு ஆள் இல்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மௌனம்தான். அந்த மௌனத்தைப் பிரித்தறியக் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு மாலைப்பொழுதில் எழுதிய நிரல்

கேட்பதற்கான முறையை இணையத்தை வடிவமைத்தவர்கள் தொடக்கத்திலேயே வகுத்திருந்தனர். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் வெளியிட்ட நெறிமுறை ஆவணத்தில் 'எதிரொலி வேண்டல்', 'எதிரொலி விடை' என்னும் இருவகைச் செய்திகள் இடம்பெற்றன. வேண்டலைப் பெற்ற கணினி, அதிலுள்ள தரவை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். அது என்ன தரவு, எதற்காக வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. மலைமுகட்டில் நின்று கூவுபவனுக்கு எதிர்மலை தரும் விடையைப் போன்றது அது.

1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் எறிகணை ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், தம் வலையமைப்பு விந்தையாக நடந்துகொள்வதைக் கண்டார். அவ்வாண்டு சூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில், எதிரொலிப் பொதிகளைக் கொண்டு பாதையின் காலத்தாழ்வை அளந்ததைப் பற்றி டேவிட் மில்ஸ் என்னும் அறிஞர் போகிறபோக்கில் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒரே மாலைப்பொழுதில் ஒரு நிரலை எழுதி முடித்தார். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியின் ஓசையை ஒட்டி அதற்குப் 'பிங்' எனப் பெயரிட்டார். நிரல் முழுமையாகி முதற்பொதி புறப்படும் முன்னரே, அந்தப் பழுதை வன்பொருள் பிரிவினர் கண்டுபிடித்துவிட்டனர் என்று மூஸ் பிற்காலத்தில் எழுதியுள்ளார். பிறந்த நாளில் பயன்படாமற்போன அந்நிரல், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது.

பிங் நிரல் வழக்கமாக நொடிக்கு ஒரு பொதி அனுப்பும். இந்த ஒரு நொடி எங்கிருந்து வந்தது என்பதை நோக்க வேண்டும். திரைமுன் ஒரு மனிதர் அமர்ந்து, விடைகள் ஒவ்வொன்றாக வருவதைக் கண்ணால் பார்க்கிறார் என்னும் நிலைக்கு அது பொருத்தமான வேகம். அதனினும் விரைந்தால் கண் தொடராது; அதனினும் தாழ்ந்தால் பொறுமை நீங்கும். மூஸ் கேட்டுப் பதிவுசெய்த நிகழ்ச்சி ஒன்று இதை நன்கு விளக்குகிறது. ஒரு வலையமைப்பு மேலாளரின் கட்டடத்தில் கம்பி இணைப்பு அவ்வப்போது அறுந்து தானே ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த முனையில் தளர்ச்சி என்பது தெரியவில்லை. அவர் ஒவ்வோர் எதிரொலி வரும்போதும் கணினி 'பிங்' என்று உரக்கச் சொல்லும்படி அமைத்து, அதை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டுக் கட்டடம் முழுவதும் நடந்தார். செல்லுமிடமெல்லாம் இணைப்பு முனைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எந்த முனையை அசைத்தபோது ஓசை நின்றதோ அதுவே பழுதான முனை. நொடிக்கு ஒன்று என்பதற்கு மாறாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என அவர் அமைத்திருந்தால், அந்தக் கட்டடத்தில் இன்றும் நடந்துகொண்டிருப்பார்.

மனிதரின்றி நடக்கும் சோதனை

மனிதர் அருகில் நின்று பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கணினி தானே நடத்தும் சோதனைக்கு முடிவில்லை. அது இரவும் பகலும் நடக்கிறது. எவரும் அதைப் பார்ப்பதுமில்லை. இடைவெளி பற்றிய வினா இங்குதான் கூர்மை பெறுகிறது.

விண்டோஸ் இயக்க முறைமை, விஸ்டா பதிப்பிலிருந்து இத்தகைய சோதனையை மேற்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சேவையகத்திலுள்ள ஒரு சிறு உரைக்கோப்பை அது கேட்டுப் பெறும். கோப்பில் எதிர்பார்த்த சொற்கள் இருந்தால் இணையம் உண்டு என்று முடிவுசெய்யும். ஆண்ட்ராய்டு கைப்பேசி உள்ளடக்கம் ஏதுமில்லாத வெற்று விடையை எதிர்பார்க்கிறது. விடை வந்ததா என்பதோடு நில்லாமல், எதிர்பார்த்த விடை வந்ததா என்றும் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தொடர்வண்டி நிலையத்திலும் வானூர்தி நிலையத்திலும் உள்ள வைஃபை, எதைக் கேட்டாலும் தன் உள்நுழைவுப் பக்கத்தையே விடையாகத் தரும். விடை வருகிறது, ஆனால் இணையம் இல்லை. எதிர்பார்த்த சொற்களுக்கு மாறாக வேறொன்று வரும்போது, 'இவ்வலையமைப்பில் உள்நுழைய வேண்டும்' என்று பயனருக்குக் கணினி அறிவிக்கிறது.

லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இப்பணியை நெட்வொர்க்மேனேஜர் என்னும் மென்பொருள் செய்கிறது. அதன் அமைப்புக்கோப்பில் 'கனெக்டிவிட்டி' என்னும் பகுதி உண்டு. எந்த முகவரியைக் கேட்பது, என்ன விடையை எதிர்பார்ப்பது, எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது ஆகிய மூன்றையும் அங்கு எழுதலாம். இடைவெளியை எவரும் குறிப்பிடவில்லையெனில் 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம் எனக் கொள்ளப்படும். சுழியம் என எழுதினால் சோதனை அடியோடு நிற்கும்.

இந்த ஓர் எண்ணை மாற்றுவதால் நேர்வது என்ன? 300 நொடிக்கு ஒருமுறை கேட்கும் கணினி நாளொன்றுக்கு 288 முறை கேட்கிறது. சோதனை முடிந்த மறுகணம் இணைப்பு அறுந்தால், அதைக் குறியீடு காட்ட ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். 10 நொடி என மாற்றினால் அந்தக் காத்திருப்பு பத்து நொடியாகச் சுருங்கும். கேள்விகளின் எண்ணிக்கையோ 8,640 ஆகப் பெருகும். ஒரு கணினிக்கு அது பொருட்டன்று.  ஆனால் விடை தரும் சேவையகத்தின் பக்கம் நின்று இதைக் கணக்கிட வேண்டும். பத்து இலட்சம் கணினிகள் 300 நொடிக்கு ஒருமுறை கேட்டால், அது நொடிக்கு ஏறத்தாழ 3,333 கேள்விகளுக்கு விடை தர வேண்டும். அவை யாவும் 10 நொடிக்கு மாறினால், நொடிக்கு 1,00,000 கேள்விகள். இடைவெளியை மாற்றுபவர் தம் கணினியை மட்டுமே காண்கிறார்; சுமை விழுவது அவர் காணாத இடத்தில்.

சுழியம் என எழுதுவோரும் உளர். ஒவ்வொரு சோதனையும் 'இன்ன முகவரியிலுள்ள கணினி இப்போது இயங்குகிறது' என்பதை ஒரு சேவையகத்துக்குத் தெரிவிக்கிறது. அதை விரும்பாதவர்கள் சோதனையை நிறுத்திவிடுகின்றனர். உள்நுழைவுப் பக்கம் தானாகத் தோன்றாது என்பது அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை.

கைப்பேசியில் வேறொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. கைப்பேசிக் கோபுரத்தோடு பேசும் வானொலிப் பகுதி, ஒரு சிறு பொதியை அனுப்பி முடித்த உடனே உறங்கிவிடுவதில்லை. மேலும் ஏதேனும் வரக்கூடும் எனச் சில நொடிகள் விழித்திருக்கிறது. பொதி எத்துணைச் சிறியதாயினும் விழித்திருக்கும் நேரம் குறைவதில்லை. பத்து நொடிக்கு ஒருமுறை அனுப்பும் செயலி, அப்பகுதியை உறங்கவே விடாது. மின்கலம் தீர்வதற்குக் காரணம் அனுப்பிய தரவின் அளவன்று, அனுப்பிய தடவைகளின் எண்ணிக்கை. 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6.0, பயன்படுத்தாமல் வைக்கப்பட்ட கைப்பேசியில் செயலிகளின் வலையமைப்புப் பணிகளையெல்லாம் ஒத்திப்போட்டு, அவ்வப்போது ஒரு சிறு பொழுதில் ஒன்றாகச் செய்துமுடிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

இரண்டு மணி நேரம்

1989 அக்டோபரில் இணையக் கணினிகளுக்கான கடப்பாடுகளைத் தொகுத்த ஆவணம் ஒன்று வெளியானது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று மௌன வேளைகளில் சோதிப்பது பற்றி அது எச்சரிக்கையோடு பேசுகிறது. அத்தகைய சோதனை, கேட்டாலன்றி இயங்கக் கூடாது. இயங்கினாலும் இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாததாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றைய அவசர உலகில் இது வியப்பளிக்கும். அவ்வாவணம் காட்டும் காரணங்கள் பொருளுடையவை. பொதிக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்கிய வலையமைப்புகள் அக்காலத்தில் இருந்தன. ஒன்றும் பேசாத இணைப்புக்குப் பணம் செலவாவது வீண். அதைவிட நுட்பமானது மற்றொரு காரணம். இடையில் ஒரு திசைவி சில நிமிடங்கள் பழுதுபட்டுப் பின் சரியாகிறது எனக் கொள்வோம். இருபுறமும் மௌனமாக இருந்தால், பழுது வந்ததும் போனதும் எவருக்கும் தெரியாது, இணைப்பு பிழைத்துக்கொள்ளும். அதே நேரத்தில் சோதனை நடந்தால், விடை வராத காரணத்தால் நல்ல இணைப்பு இறந்ததாக அறிவிக்கப்படும். கேளாமல் இருந்திருந்தால் வாழ்ந்திருக்கும் இணைப்பைக் கேள்வியே கொன்றுவிடுகிறது.

லினக்ஸ் இன்றும் அந்த 7,200 நொடியையே கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேர மௌனத்துக்குப் பின் முதற்சோதனை. விடை இல்லையெனில் 75 நொடிக்கு ஒருமுறை மீண்டும் கேட்டு, மொத்தம் ஒன்பது சோதனைகள் வீணான பின்னரே இணைப்பைக் கைவிடும். கூட்டிப் பார்த்தால் 2 மணி 11 நிமிடம் 15 நொடி.

இப்பொறுமை நெடுங்காலம் தடையின்றிச் செல்லவில்லை. வீடுகளிலும் அலுவலகங்களிலும் பல கணினிகள் ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முறை பரவியது. உள்ளிருந்து வெளியே சென்ற பொதி எந்தக் கணினிக்குரியது என்பதை வாயிலிலுள்ள திசைவி ஒரு பட்டியலில் குறித்துவைக்கிறது. நினைவகம் குறைவாதலால், நெடுநேரம் பேசாத இணைப்பின் குறிப்பை அழித்துவிடுகிறது. அழிந்தபின் வெளியிலிருந்து வரும் பொதிக்கு உரியவர் யார் என்பது அதற்குத் தெரியாது. 2008இல் வெளியான பரிந்துரை, இவ்வாறான குறிப்பை 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றது. இரண்டு மணி நேரச் சோதனைக்கு இடம்விட்டு, வழியிலுள்ள பொதிகளுக்கென நான்கு நிமிடம் சேர்த்த கணக்கு அது. எல்லாத் திசைவிகளும் அத்தகைய பொறுமை உடையன அல்ல.

ஆகவே, சோதனைக் குறிப்புக்கு இரண்டாம் பணி ஒன்று வந்து சேர்ந்தது. மறுமுனை இருக்கிறதா என்று அறிவதற்காக அன்றி, நடுவிலுள்ள திசைவி மறந்துவிடாமல் இருப்பதற்காகவே பொதி அனுப்ப வேண்டியதாயிற்று. வயர்கார்டு என்னும் பாதுகாப்பு வலையமைப்பு மென்பொருள், தேவைப்படுவோர்க்கு 25 நொடி இடைவெளியைப் பரிந்துரைக்கிறது. இடைவெளியை மாற்ற முனைபவர் முதலில் தெளிய வேண்டியது இதுவே: அறிவதற்காகக் கேட்பதா, மறவாமைக்காகக் கேட்பதா? முன்னதற்கு, எவ்வளவு தாமதமாக அறிந்தால் தீங்கில்லை என்பது அளவுகோல். பின்னதற்கு, திசைவியின் மறதிக்குச் சற்று முந்தினால் போதும். அதனினும் விரைவது வீண்.

ஒரு விடை தவறினால்

வலையமைப்பில் பொதிகள் தொலைவது இயல்பு. நெரிசல் மிகும்போது, இடமில்லாத திசைவி சில பொதிகளைக் கைவிட்டுவிடும். ஆகவே ஒரு சோதனைக்கு விடை வரவில்லை என்பதால் மறுமுனை இல்லை என்று முடிவுசெய்வது, அழைப்பை ஒருமுறை எடுக்காதவரைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் எழுதிவைப்பதற்கு ஒப்பாகும். எத்தனை விடைகள் தவறலாம் என்பதையும் இடைவெளியோடு சேர்த்தே அமைக்க வேண்டும். தொலைக்கணினியில் பணிபுரிய உதவும் எஸ்.எஸ்.எச் மென்பொருளில் இடைவெளியை 15 நொடி என அமைத்தால், மூன்று விடைகள் தவறும் வரை அது பொறுக்கும். ஏறத்தாழ 45 நொடியில் இணைப்பை முடித்துக்கொள்ளும். இணையத்தின் பெருவழிகளை ஒன்றோடொன்று இணைக்கும் திசைவிகளும் இவ்வாறே மூன்றில் ஒருபங்கு என்னும் கணக்கைப் பின்பற்றுகின்றன. 90 நொடி மௌனத்தைப் பொறுப்பதாக இருவர் உடன்பட்டால், 30 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வர்.

பெருவழிகளில் விரைந்து அறிவதன் தேவை மிகுதி. 30 நொடி என்பது அங்கு எண்ணற்ற பொதிகள் தொலைந்துபோகும் காலம். ஆதலால் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்கு ஒருமுறை சோதிக்கும் தனி நெறிமுறை 2010இல் வகுக்கப்பட்டது. விரைவுக்கும் ஓர் ஆபத்து உண்டு. நெரிசலால் விடை தாமதித்த வழி ஒன்றை, அறுந்த வழி என்று திசைவி தவறாக எண்ணினால், அங்குச் சென்றவையெல்லாம் அடுத்த வழிக்குத் திருப்பப்படும். அவ்வழியும் நெரிசலுறும். அதன் விடைகளும் தாமதிக்கும்.

இடைவெளிக்கு இயற்கை இட்ட எல்லை ஒன்றும் உண்டு. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேண்டல் மேலேறிக் கீழிறங்கி, விடையும் அவ்வாறே திரும்புவதற்கு ஒளியின் வேகத்திலும் ஏறத்தாழ அரை நொடி ஆகும். அவ்வழியில் நொடிக்கு ஐந்து முறை கேட்பவருக்கு, முதற்கேள்வியின் விடை வருமுன் மேலும் இரண்டு கேள்விகள் புறப்பட்டிருக்கும்.

ஒரே தாளத்தில்

இடைவெளி நீண்டதா குறுகியதா என்பது மட்டுமன்று, அது சீரானதா என்பதும் கருதத்தக்கது. 1992இல் சாலி ஃபிளாய்டு, வான் ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் இருவர், கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லியிலிருந்து அமெரிக்காவின் மறுகோடியிலுள்ள எம்.ஐ.டி. நிறுவனத்துக்கு ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக, ஒரு தொடருக்கு ஆயிரம் பிங் பொதிகளை அனுப்பிப் பார்த்தனர். சில பொதிகள் தொலைந்தன. அது புதிதன்று. தொலைந்த நேரங்களை வரிசைப்படுத்தியபோதுதான் வியப்பு தோன்றியது. இழப்பு ஏறத்தாழ 90 நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. வழியிலிருந்த திசைவிகள் 90 நொடிக்கு ஒருமுறை தம் வழிப்பட்டியல்களை ஒன்றுக்கொன்று அனுப்பின. தனித்தனியே இயங்கத் தொடங்கிய அத்திசைவிகள், நாளடைவில் எவரும் சொல்லாமலே ஒரே தாளத்துக்கு வந்துவிட்டிருந்தன. அனைத்தும் ஒரே கணத்தில் பேச, அப்போது வந்த பிற பொதிகளைக் கவனிக்க ஆளில்லை.

ஒரு நொடி இடைவெளியில் கேட்டதனால்தான் அவர்கள் இதைக் கண்டனர். 90 நொடிக்கு ஒருமுறை கேட்டிருந்தால், கேள்வி ஒவ்வொன்றும் திசைவிகள் ஓய்ந்திருக்கும் கணத்தில் விழுந்து பழுதே இல்லை என்று காட்டியிருக்கும். அல்லது ஒவ்வொன்றும் நெருக்கடிக் கணத்தில் விழுந்து வழியே இல்லை என்று காட்டியிருக்கும். பழுதின் தாளமும் சோதனையின் தாளமும் ஒன்றாகிவிட்டால் சோதனை குருடாகிவிடுகிறது.

இதற்கு அவ்விருவரும் காட்டிய தீர்வு, ஒவ்வோர் இடைவெளியிலும் சிறிது தற்செயலைக் கலப்பது. இன்று பெருவழித் திசைவிகளின் நெறிமுறை, குறித்த இடைவெளியை முக்கால் பங்குக்கும் முழுமைக்கும் இடையே தற்செயலாக மாற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறது. மின்சாரம் போய்த் திரும்பிய ஊரில் ஆயிரம் கருவிகள் ஒரே கணத்தில் விழித்தாலும், அவை ஒரே கணத்தில் கேளாமல் சிதறிக் கேட்கும்.

விடை வராதபோது

2003 மே மாதம், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வலையமைப்பைக் கவனித்துவந்த டேவ் பிளாங்கா, பல்கலைக்கழகத்தின் நேரச் சேவையகம் ஒன்றை நோக்கி எண்ணற்ற பொதிகள் வருவதைக் கண்டார். சரியான நேரம் என்ன என்று கேட்கும் பொதிகள் அவை. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்தன. எவரோ தொடுத்த தாக்குதல் என்றே முதலில் எண்ணத் தோன்றியது. அப்பொதிகள் அனைத்திலும் புறப்படும் வாயில் எண் ஒன்றாகவே இருந்ததால், அதை அடையாளமாகக் கொண்டு பல்கலைக்கழக எல்லையிலேயே அவை தடுக்கப்பட்டன. பின்னர் நோக்கியபோது வரத்து குறையவில்லை; பெருகியிருந்தது. சூன் மாதம் அது நொடிக்கு 2,50,000 பொதிகள் என்னும் அளவை எட்டியது.

காரணம் தாக்குதல் அன்று. நெட்கியர் நிறுவனம் விற்ற வீட்டுத் திசைவிகள் சிலவற்றில், நேரம் கேட்பதற்கென அப்பல்கலைக்கழகச் சேவையகத்தின் எண்முகவரி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அவ்வகைத் திசைவிகள் ஏழு இலட்சத்துக்கும் மேல் உருவாக்கப்பட்டிருந்தன. பல்கலைக்கழகத்துக்கு அது தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. இவற்றைவிடக் கொடியது இடைவெளி. விடை கிடைக்கும் வரை நொடிக்கு ஒருமுறை கேட்குமாறு அத்திசைவிகள் அமைக்கப்பட்டிருந்தன. பல்கலைக்கழகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தடை விதித்தது. தடையால் விடை நின்றது. விடை நின்றதால் திசைவிகள் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறை கேட்கும் நிலையிலேயே நின்றுவிட்டன. கதவை அடைத்ததனால் தட்டும் ஓசை மிகுந்தது.

ஒற்றைத் திசைவியை ஆய்வுக்கூட மேசைமேல் வைத்து எழுதியவருக்கு, நொடிக்கு ஒன்று என்பது மூஸின் பிங்கைப் போலத் தீங்கற்றதாகவே தோன்றியிருக்கும். மூஸின் பிங்கை நிறுத்த ஒரு மனிதர் அருகில் இருந்தார். இங்கு இருந்தவர் எவருமில்லை. நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. ஆயினும் வீட்டு மூலையில் தூசு படிந்து கிடக்கும் பெட்டிக்குள் மென்பொருள் ஒன்று இருக்கிறது என்பதையும், அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் உரிமையாளர் பலர் அறிவதில்லை.

விடை வராதபோது விரைந்து கேட்பது மனித இயல்பு. குழந்தையும் அதைத்தான் செய்கிறது. வலையமைப்பில் அது நேர்மாறாக இருக்க வேண்டும். விடை வராமைக்குப் பெரும்பாலும் மறுமுனையின் சுமையே காரணம். அவ்வேளையில் மேலும் கேட்பது சுமையைக் கூட்டும். ஆகவே ஒரு நொடி காத்து, பின் இரண்டு, நான்கு, எட்டு எனக் காத்திருப்பை இரட்டித்துச் செல்வதே நல்ல நிரலின் இலக்கணம். பத்தாவது காத்திருப்பு 512 நொடி, அதாவது ஏறத்தாழ எட்டரை நிமிடம் நீளும்.

நார்வேயில் மூஸுக்கு எதிரொலியைப் பற்றிச் சொன்ன டேவிட் மில்ஸ்தான், கணினிகள் ஒன்றிடமொன்று நேரம் கேட்டறியும் நெறிமுறையையும் உருவாக்கியவர். அதில் இடைவெளி ஒருமுறை எழுதி மறந்துவிடும் எண்ணாக இல்லை. கணினி தொடக்கத்தில் 64 நொடிக்கு ஒருமுறை கேட்கிறது. தன் கடிகாரம் நிலைப்பட்டுவிட்டதைக் காணக்காண, இடைவெளியை இரட்டித்துக்கொண்டே சென்று 1,024 நொடி, அதாவது ஏறத்தாழ பதினேழு நிமிடம் வரை நீட்டுகிறது. கடிகாரம் தடுமாறினால் மீண்டும் சுருக்கிக்கொள்கிறது. எவ்வளவு தெரியவில்லையோ அவ்வளவு அடிக்கடி கேட்பது. தெரிந்த அளவுக்குப் பொறுத்திருப்பது.

2010இல் வெளியான அதன் நான்காம் பதிப்பின் ஆவணம், கேட்கப்படுபவரின் பக்கமும் ஒரு சொல்லைத் தருகிறது. அளவுக்கு மீறிக் கேட்கும் கணினிக்குச் சேவையகம் நேரத்துக்கு மாறாக ஒரு சிறப்புப் பொதியை அனுப்பலாம். அதன் பொருள், 'கேட்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்' என்பதே. அதைப் பெற்ற கணினி உடனே இடைவெளியை நீட்ட வேண்டும் என்கிறது நெறிமுறை. அந்த விடையைப் படித்துப் பார்க்கும் அளவுக்கு நிரல் எழுதப்பட்டிருக்கிறதா என்பது, சேவையகத்தின் கையில் இல்லை.